தட்டிப் பார்த்து வாங்குபவர்

காலை பதினொன்று இருபது. அந்த ஞாயிற்றுக்கிழமையின் அந்த நிமிடம் என் கைப்பேசியில் இன்னும் பதிவாக இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை. பல் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிற என் மகள் தர்ஷினி, கல்லூரி முகாமுக்காக வால்பாறை போயிருந்தாள். தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கிற தொழிலாளர்களுக்குப் பல் பார்க்கிற முகாம். சனிக்கிழமையோடு அது முடிந்துவிட்டது. தோழி வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தவளை நான்தான் அழைத்தேன். இரண்டு நிமிடம் பதினான்கு நொடி பேசியிருக்கிறேன். அதில் பாதி நேரம் அவள் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“பஸ் வந்துருச்சும்மா. சீட்டுக்கூட இருக்குது.”

“மாமா அங்கதான் இருக்காராம் கண்ணு. அவரு வண்டியில கூட்டிட்டு வர்றேங்கறார். அந்தக் கூட்டத்துல எதுக்கு நசுங்கிட்டு வாரே?”

“கூட்டமே இல்லம்மா.”

“ஊட்டு வாசல்லயே கொண்டாந்து எறக்கி உட்டுருவாரு. சொன்னாக் கேளு.”

கேட்டாள். பேருந்து அவளை விட்டுவிட்டுப் போனது. அந்தப் பேருந்து இரண்டே காலுக்கு ஒரு குறையும் இல்லாமல் பொள்ளாச்சி போய்ச் சேர்ந்தது என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

மாமா என்று நான் சொன்னது என் கணவரின் அக்கா வீட்டுக்காரரை. காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் ஆலை வைத்திருக்கிறார். பெயர் வேண்டாம். சொந்தக்காரர் என்பதற்காக மறைக்கவில்லை. இந்த மாதிரி ஆள் எங்கள் பக்கத்தில் குடும்பத்துக்கு ஒருவர் இருப்பார். பெயரைச் சொன்னால் இவர் ஒருவர்தான் இப்படி என்று ஆகிவிடும்.

எதைப் பார்த்தாலும் நடுவிரலை மடக்கி இரண்டு தட்டு தட்டுவார். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பார். பிறகு உதட்டைப் பிதுக்குவார். சோபா, கதவு, குளிர்சாதனப் பெட்டி, கல்யாண மண்டபத்துத் தூண், எதுவும் தப்பாது. அவருடைய அப்பா களத்தில் உட்கார்ந்து தேங்காயைத் தட்டியே தரம் பிரித்தவர். காதில் விழுகிற சத்தத்தை வைத்து உள்ளே நீர் எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று சொல்வாராம். மகனுக்கு வந்தது தட்டுகிற விரல் மட்டும். கேட்கிற காது வரவில்லை.

ஏழு வருடத்துக்கு முன்னால் நாங்கள் முதல் கார் வாங்க அவிநாசி சாலை ஷோரூமுக்குப் போனபோது, கேட்காமலே கூட வந்தார். சிறிய கார். வங்கிக் குமாஸ்தாவும் கணக்கு டீச்சரும் வாங்கக்கூடிய கார். விற்பனைக்கு நின்ற பெண் கதவைத் திறந்து காட்டினாள். இவர் அதை மூடச் சொல்லி இரண்டு தட்டு தட்டினார்.

“ஏனுங்க அம்மணி, இது கதவுங்களா, எண்ணெய் டின்னுங்களா?”

அந்தப் பெண் சிரித்துச் சமாளித்தாள். “ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க சார்.”

“டின்ன ஓட்டிப் பாக்கறதுக்கு என்னங்க இருக்குது? நம்ம மில்லுல எண்ணெய் அடைக்கற டின்னு இதவிடக் கனமுங்க. கோவிச்சுக்காதீங்க.”

எங்கள் ஊரில் அவமானப்படுத்துகிறவர்களும் ‘ங்க’ போட்டுத்தான் அவமானப்படுத்துவார்கள். அடி வாங்கியவருக்கு அடி வாங்கியது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். நானும் என் கணவரும் ஏதோ திருட்டுச் சாமான் வாங்குகிறவர்கள் மாதிரி கூனிக் குறுகி அந்த வண்டிக்குக் கையெழுத்துப் போட்டோம். அன்றிலிருந்து எங்கள் காருக்கு அவர் வைத்த பெயர் டின்னு. “டின்னுலயா வந்தீங்க?” என்றுதான் வாசலில் வரவேற்பார். டின்னு இன்றைக்கும் ஓடுகிறது. மகள் கார் ஓட்டப் பழகியதும் அதில்தான்.

அவரைப் பொறுத்தவரை இங்கே செய்கிற எதுவும் உருப்படி இல்லை. கடல் தாண்டி வர வேண்டும். தாண்டி வந்தது எது என்பது அப்புறம். தேங்காய் எண்ணெய் விற்று மூன்று மாடி கட்டியவர் வீட்டில் சமையல் ஆலிவ் எண்ணெயில் நடக்கிறது. என் நாத்தனார் அதில் கடுகு தாளித்துவிட்டு, வாசம் வரவில்லை என்று யாரும் பார்க்காதபோது ஒரு கரண்டி சொந்த மில் எண்ணெயை விட்டுக் கிளறுவார். “மூச்சு உட்றாதீங்க அம்மணி” என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். சாப்பிட்டுவிட்டு அவர் சொல்வார்: “பாத்தீங்களா, இத்தாலிக்காரன் எண்ணெய்.”

ஒருமுறை சிங்கப்பூரில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டு வரும்போது, அங்கே ஒரு கடையில் மாவு அரைக்கிற கிரைண்டர் வாங்கி விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார். கிரைண்டர். ஊருக்கெல்லாம் கிரைண்டர் செய்து அனுப்புகிற கோயமுத்தூருக்குப் பக்கத்து ஊர்க்காரர். அந்தக் கல்லைத் தூக்கித் தூக்கி நாத்தனாருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. எங்களை எல்லாம் விருந்துக்குக் கூப்பிட்டு, நடுக்கூடத்தில் வைத்துப் பெட்டியைப் பிரித்தார். என் கணவர் பிளக்கைப் பார்ப்பதற்காக அதைச் சாய்த்தார். அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. வாய்விட்டுப் படித்தார்.

“செஞ்சது கோயமுத்தூருங்க மச்சான். நம்ம பின்கோடுதான். எங்க ஊட்டுக்கு ரெண்டு வீதி தள்ளித்தான் கம்பெனியே.”

தர்ஷினி அப்போது பள்ளிப் பிள்ளை. அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். வேறு மனிதராக இருந்தால் தானும் சேர்ந்து சிரித்திருப்பார். அந்தக் கதை அவருக்கே ஒரு அழகாகிப் போயிருக்கும். இவர் கல்லை இரண்டு தட்டு தட்டினார், தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“இது எக்ஸ்போர்ட்டுக்குன்னு தனியாச் செய்யறதுங்க மாப்ள. கழிச்சுப் போட்டதத்தான் நமக்கு இங்க விப்பான். கப்பல் ஏறிப் போயிட்டு வந்தா அது வேற சாமானுங்க.”

இப்படிப்பட்டவர் கார் வாங்குகிறார் என்றால் அவிநாசி சாலை எப்படிப் போதும்? ஜப்பானிலிருந்து இறக்கினார். புதிது அல்ல. அங்கே யாரோ இரண்டு வருடம் ஓட்டிய வண்டி. உள்ளூரில் பழைய வண்டி என்றால் “அடுத்தவன் வேர்வைங்க” என்று மூக்கைச் சுளிப்பவருக்கு, ஜப்பான்காரன் வேர்வை மணத்தது. சென்னைத் துறைமுகத்துக்கு நான்கு முறை அலைந்தார். ஏஜென்ட்டுக்குப் பின்னால் கைகட்டி நின்றார். வண்டி விலைக்குச் சமமாக வரி கட்டினார். அந்தக் காசுக்கு இங்கேயே இரண்டு வண்டி வரும் என்று என் கணவர் சொல்லப்போக, “ரெண்டு டின்னு வருமுங்க மாப்ள” என்றார். அந்த மாடல் இந்தியாவில் யாரும் விற்பதில்லை, கம்பெனி ஷோரூமில்கூடத் தொடமாட்டார்கள், உதிரி பாகம் எதுவும் கிடைக்காது. இதையெல்லாம் அவர் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொன்னார். “இந்த வண்டிக்கு ஒரு ஸ்க்ரூ வேணும்னாலும் கப்பல்ல வரோணுமுங்க.”

சிவன்மலை அடிவாரத்தில் பூஜை போட்டார்கள். பூசாரி வழக்கம்போல் முன்னால் சந்தனம் பூசக் கையை நீட்டினார். இவர் குறுக்கே பாய்ந்தார்.

“சாமி சாமி, பெயின்ட்டு மேல வேண்டாமுங்க. கண்ணாடியில வெச்சுக்கங்க. ஜப்பான் பெயின்ட்டு.”

“அப்பிடீன்னா எலுமிச்சம்பழத்த நசுக்கலாமுங்களா, அதுவும் ஜப்பான்ல இருந்து வரோணுமுங்களா?” என்றார் பூசாரி. அந்தப் பூசாரியை எனக்கு ரொம்பப் பிடித்தது.

வண்டிக்குள்ளே ஒரு பெண் குரல் பேசும். முழுக்க ஜப்பான் மொழி. கதவைத் திறந்தால் ஒன்று சொல்லும், பெல்ட்டைப் போட்டால் ஒன்று சொல்லும், சில சமயம் காரணம் தெரியாமல் நீளமாக ஏதோ சொல்லும். என்ன சொல்கிறது என்று அவருக்கும் தெரியாது. திரையில் வருகிற எழுத்தும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு முயற்சியும் செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் “சரிங்க அம்மணி” என்று பதில் சொல்வார். ஏறுகிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். பள்ளியில் ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். சொல்லும்போது, எங்கள் வீட்டுச் சொந்தத்தில் ஒருவர் ஜப்பான் கார் வைத்திருக்கிறார் என்பதும் நாலு பேர் காதில் விழுந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

விபத்துக்கு ஐந்து வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை, அந்த வண்டி எங்கள் வீதிக்குள் கிறீச்சென்று கத்திக்கொண்டு வந்து நின்றது. நிறுத்தும்போதெல்லாம் இரும்பை இரும்பில் தேய்க்கிற சத்தம். என் கணவர் விடாப்பிடியாக அவரைச் சிங்காநல்லூரில் எங்கள் டின்னைப் பார்க்கிற மெக்கானிக் ஆறுமுகத்திடம் அழைத்துக்கொண்டு போனார். கடைக்குப் போக வேண்டியிருந்ததால் நானும் ஏறிக்கொண்டேன். ஆறுமுகம் ஒரு சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். ஐம்பது வயதுக்காரர், குரலை உயர்த்திப் பேசமாட்டார்.

“பிரேக் பேடு முடிஞ்சு போச்சுங்க. இப்ப தகடு போய் டிஸ்க்க உரசிட்டு இருக்குது. இங்க பாருங்க, கோடு கோடா உழுந்திருக்குது.”

“இப்ப என்னங்க பண்றது?” என்று என் கணவர் கேட்டார்.

“இந்த அளவுல ரெடியாக் கெடைக்காதுங்க. பழைய தகட்டக் குடுத்தா, நம்ம பட்டறையில அதே அளவுக்குப் புதுசா ஒட்டித் தந்துருவாங்க. டிஸ்க்க லேத்துல புடிச்சுச் செரி பண்ணிரலாம். மூணு மணி நேரம் குடுங்க.”

ஊரெல்லாம் லேத்தும் வார்ப்படப் பட்டறையும் இருக்கிற கோயமுத்தூரில் இது ஒரு வேலையே அல்ல. அவர் ஆறுமுகத்தின் மேஜையை இரண்டு தட்டு தட்டினார்.

“ஏனுங்க, ஜப்பான்காரன் வண்டிக்குச் சிங்காநல்லூர்ல ஒட்டின பேடுங்களா?”

“ஜப்பான் வண்டியும் சிங்காநல்லூர்லதானுங்க நிக்கோணும்.”

“எனக்கு ஒரிஜினல் வந்தாத்தானுங்க தூக்கம் வரும். ஆர்டர் போட்டர்றேன்.”

ஆறுமுகம் சக்கரத்தைத் திரும்ப மாட்டினார். காசு வாங்கவில்லை. என் கணவரிடம் மட்டும் தனியாகச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கும் கேட்டது. “டவுனுக்குள்ள மெதுவா ஓட்டிக்கட்டும். பார்ட்ஸ் வர்ற வரைக்கும் மலைக்கு மட்டும் கொண்டு போக வேண்டாம்னு சொல்லுங்க.” என் கணவர் சொன்னார். “எனக்குத் தெரியாதுங்களா மாப்ள” என்றார் அவர்.

ஜப்பானிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் பிரேக் பேடு ஆர்டர் போட்டது எங்கள் வீட்டு முகவரிக்கு, என் பெயரில். அவருடைய ஆலை தோட்டத்துக்குள் இருப்பதால், முன்பு ஒருமுறை கூரியர்க்காரர்கள் வழி தெரியாமல் பார்சலைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். “நீங்கதானுங்க சாயங்காலமானா ஊட்ல இருக்கறீங்க” என்றார். சரி என்றேன். நான்காவது வாரம் எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. வெளிநாட்டுச் சாமான் சுங்கத்தில் இருக்கிறது, பெறுபவரின் அடையாள அட்டை நகலை அனுப்பினால்தான் வெளியே விடுவார்கள் என்று. அந்த வாரம் காலாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நாளைக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். எட்டு நாள் ஓடிவிட்டது. வியாழக்கிழமை நினைவு வந்து அனுப்பிவிட்டு அவரிடமும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் என்னைக் கூப்பிட்டார்.

“ஒரு எஸ்டேட் சிநேகிதருக்கு வண்டியக் காட்டலாம்னு வால்பாறை வந்தேனுங்க. தர்ஷினி இங்கதான் இருக்குதுன்னு எங்க ஊட்டுக்காரி சொன்னா. கூட்டிட்டு வந்தர்றேனுங்க.”

பார்சல் வரவில்லை என்பது உலகத்திலேயே முதலில் தெரிய வேண்டியது எனக்குத்தான். தெரிந்தே இருந்தது. மலை மேல் ஏறியிருக்கிறார் என்றால் ஏதாவது செய்துவிட்டுத்தான் ஏறியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, அப்படிக்கூட நினைக்கவில்லை. எங்கள் வீதியில் அந்த வண்டி வந்து நிற்பதும், அதிலிருந்து என் மகள் இறங்குவதும்தான் என் மனதில் ஓடியது.

நடந்ததை அவள் வாயால் கேட்டது மறுநாள். இறக்கம் முழுக்க அவர் கியரைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. மலைப் பேருந்துகள் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு இறங்குவதைப் பார்த்துச் சிரித்தாராம். தர்ஷினி ஒரு முறை, “மாமா, சின்ன கியர்ல போட்டு என்ஜின் பிரேக்ல எறங்கோணும்னு எனக்கு டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க” என்றிருக்கிறாள். “அது டின்னுக்கு கண்ணு. இது தானாப் பாத்துக்கும்” என்றாராம். பிறகு ஒரு கருகிய வாடை. அந்த ஜப்பான் குரல் நிறுத்தாமல் ஏதோ சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது.

“மாமா சரிங்க அம்மணி, சரிங்க அம்மணின்னு சொல்லிட்டே வந்தார்மா. அப்புறம் சொல்றத நிறுத்திட்டார். அப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு.”

பெடல் தரை வரைக்கும் அமுங்கிவிட்டது. பதினொன்றாவது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே, பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கச் சாக்கடையில் வண்டியை இடித்து நிறுத்தினார். அதை அவர்தான் செய்தார். இல்லை என்று சொல்லமாட்டேன். இவள் பயத்தில் வலது கையை முன்னால் ஊன்றியிருக்கிறாள். காற்றுப் பை வெடித்து விரிந்த வேகத்தில் மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. உடைந்த எலும்பு நரம்பை அழுத்திவிட்டது. கட்டை விரல், அதை அடுத்த இரண்டு விரல்கள், மூன்றிலும் உணர்ச்சி இல்லை. பல் மருத்துவர் கருவியைப் பிடிக்கிற மூன்று விரல்கள் அவைதான்.

எஸ்டேட்டுக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு பிக்கப் வண்டிக்காரர்தான் அவளைப் பொள்ளாச்சி மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நாங்கள் டின்னில் போய்ச் சேரும்வரை அங்கேயே நின்றிருந்தார். கோணிச் சாக்கும் கோசு இலையும் கிடந்த அந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

“அழுகாதீங்க அக்கா. பாப்பா கேட்டுச்சு, ‘அண்ணா உங்க வண்டி பிரேக் புடிக்குமா’ன்னு. பழைய வண்டிதானுங்க பாப்பா, ஆனா நிக்குமுன்னு சொன்னேன். அப்புறந்தான் ஏறுச்சு.”

காங்கேயத்து மாமா வந்தது செவ்வாய்க்கிழமை. அதற்குள் கோயமுத்தூரில் அறுவை சிகிச்சை முடிந்து எலும்புக்குத் தகடு வைத்திருந்தார்கள். நெற்றியில் ஒரு சின்னப் பிளாஸ்திரியுடன், ஆப்பிள் பையுடன் உள்ளே வந்தார். நியூசிலாந்து ஆப்பிள், ஒவ்வொன்றிலும் அதைச் சொல்கிற ஸ்டிக்கர் இருந்தது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். தலையணை மேல் தூக்கி வைத்திருந்த மாவுக்கட்டைப் பார்த்தார். நடுவிரல் மடங்குவதை நான் பார்த்தேன். நம்ப முடியாமல் பார்த்தேன். இரண்டு தட்டு தட்டினார்.

“இதென்னுங்க, இன்னும் பழைய மாவுக்கட்டே போடறாங்க? சிங்கப்பூர்ல இப்பெல்லாம் ஃபைபருங்க. தக்கையாட்ட இருக்கும்.”

தர்ஷினி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். இவர் என்னிடம் திரும்பினார்.

“ஏர்பேக் எல்லாம் எப்படி வேலை செஞ்சுது பாத்தீங்களா? எட்டுங்க. எட்டும் விரிஞ்சுது. இதே உங்க டின்னா இருந்திருந்தா, நெனச்சுப் பாக்க முடியுமுங்களா?”

நான் மாவுக்கட்டுக்கு அடியில் நழுவிய தலையணையைச் சரி செய்தேன். அதை நான் ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாக அவர் எடுத்துக்கொண்டார். போகும்போது குரலைத் தாழ்த்தி, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

“நான் யாரையும் குத்தம் சொல்லலீங்க. ஆனா அந்தக் கார்டு காப்பியக் கேட்ட அன்னிக்கே அனுப்பியிருந்தா, போன வாரமே பேடு வந்திருக்குமுங்க. அவ்வளவுதானுங்க.”

நான் கணக்கு டீச்சர். அன்று மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்து நாள்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாக வந்தது. எட்டு நாள் முன்னால் அனுப்பியிருந்தால், சனிக்கிழமைக்குள் வந்திருக்கும். மூன்று மணி நேரம் கேட்ட ஆறுமுகத்தை அந்தக் கணக்கில் எங்கே வைப்பது என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும். பேடு வரவில்லை என்று தெரிந்தே மலை ஏறியது யார் என்று கேட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் தோன்றவில்லை. இப்போது பாத்திரம் தேய்க்கும்போது, வகுப்பில் கரும்பலகைக்குத் திரும்பும்போது, ஆயிரம் தடவை கேட்டுவிட்டேன்.

சொந்தத்தில் இப்போது ஓடுகிற கதை வேறு. ஜப்பான் வண்டியாக இருந்ததால் பிள்ளை பிழைத்தது. கல்யாண வீடுகளில் என்னிடமே சொல்கிறார்கள். “நல்ல வேளைங்க, அந்த வண்டியாப் போச்சு.” அவர்தான் பரப்பினார். இரண்டு பேர் அவரிடம் ஏஜென்ட் நம்பர் வாங்கியிருக்கிறார்களாம். அந்த வண்டி இன்னும் ஆலை ஷெட்டில் நிற்கிறது. பம்பரும் விளக்கும் கப்பலில் வர வேண்டும்.

ஒன்றே ஒன்றை எழுதாமல் விட்டால் மகள் என்னை விடமாட்டாள். சாக்கடையிலிருந்து அவளைத் தூக்கி ரோட்டு ஓரத்தில் உட்காரவைத்தவர், தன் சட்டையைக் கழற்றிக் கிழித்து அவள் கையைத் தூக்கிக் கட்டியிருக்கிறார். இங்கிலாந்திலிருந்து வந்த வெள்ளைச் சட்டை. பனியனோடு நடு ரோட்டில் நின்று வருகிற வண்டியை எல்லாம் கைகாட்டிக் கத்தியிருக்கிறார். “மாமா அழுதார்மா” என்றாள். இருக்கலாம். அந்த மனிதர் ரோட்டிலேயே நின்றுவிட்டார். செவ்வாய்க்கிழமை ஆப்பிளோடு வந்தவர் வேறு ஆள்.

எட்டு மாதம் ஆகிவிட்டது. தர்ஷினி கரண்டி பிடிக்கிறாள், பேனா பிடிக்கிறாள். நடுவிரலில் உணர்ச்சி வந்துவிட்டது. கட்டை விரலுக்கு இன்னும் சூடு குளிர்ச்சி சரியாகத் தெரியவில்லை. கல்லூரியில் ஒரு வருடம் தள்ளிப் போட்டிருக்கிறோம். கருவியைப் பிடிப்பாளா என்று கேட்டால் மருத்துவர், “பொறுத்துப் பார்ப்போம்” என்கிறார். நாங்கள் காங்கேயம் போவதில்லை. தீபாவளிக்கு அவர் ஒரு பெட்டி பெல்ஜியம் சாக்லேட் அனுப்பினார். அதை வேலைக்கு வருகிற அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

விபத்து நடந்த அந்த வாரம், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தது வியாழக்கிழமை. மறுநாள் காலை பத்து மணி இருக்கும். அவளுக்கு ஊட்டிவிடுவதற்காக அடுப்படியில் பருப்புச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். வாசலில் மணி அடித்தது. நான் கை கழுவிக்கொண்டு வருவதற்குள், அவளே எழுந்துபோய் இடது கையால் தாழ்ப்பாளைத் தள்ளித் திறந்துவிட்டாள். கூரியர்க்காரர். நரைத்த மீசை, தோளில் பை, இடுப்போடு அணைத்த ஒரு பெட்டி. அதில் என் பெயர் இருந்தது. பெயருக்கு மேலே புரியாத எழுத்துகள் வரிசையாக இருந்தன.

“ஜப்பான் பார்சலுங்க,” என்றார். ஒரு கையால் கைப்பேசியில் எதையோ அழுத்திக்கொண்டு, தலை நிமிராமலே மறு கையால் பெட்டியை அவளிடம் நீட்டினார்.

“கனமுங்க அம்மணி. ரெண்டு கையிலயும் புடிங்க.”